பிளஸ் டூவில் 561, முதல் செமஸ்டரில் மூன்று அரியர். தங்கையை எங்கே சேர்ப்பது?

இளம்பிள்ளை தறிவீடு:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். இளம்பிள்ளைப் பக்கம் எங்கள் வீடு, நான்கு விசைத்தறி ஓடுகிறது. 2023ல் பிளஸ் டூ முடித்தேன், கணக்கு-உயிரியல் பிரிவு, 600க்கு 561. பள்ளி வாசலில் வைத்த பிளெக்ஸில் என் படமும் இருந்தது, அப்பா அதைப் போனில் எடுத்து இன்றுவரை வைத்திருக்கிறார். அந்த வருடமே சேலத்தில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் மெக்கானிக்கல் சேர்ந்தேன். முதல் செமஸ்டரில் எம்1 என்ற கணக்குப் பாடம், பிசிக்ஸ், பைதான் மூன்றிலும் அரியர். ரிசல்ட் வந்து பத்து நாள் கழித்துத்தான் வீட்டில் சொன்னேன். இப்போது மூன்றாம் வருடம் முடிகிறது, அரியர் எல்லாவற்றையும் எழுதிப் பாஸ் செய்துவிட்டேன். ஆனாலும் அந்த அரை வருடம் மனதை விட்டுப் போகவில்லை.

எம்1ல் முதல் யூனிட் அணிகள். பிளஸ் டூ கணக்குப் புத்தகத்திலும் முதல் பாடம் அணிகள்தான். தலைகீழ் அணி, தரம், கிராமர் விதி எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போடுவேன். ஐகன் மதிப்பு ஒன்றுதான் புதிது. அப்படியிருந்தும் தேர்வு அறையில் உட்கார்ந்தபோது கை நகரவில்லை. யோசித்துப் பார்த்தால், பள்ளியில் இரண்டு வருடத்தில் முன்பின் பார்க்காத ஒரு கணக்கைக்கூட நான் தேர்வில் பார்த்ததில்லை. யூனிட் டெஸ்ட், மூன்று ரிவிஷன், அப்புறம் ஸ்பெஷல் கிளாஸ் என்று ஒவ்வொரு கணக்கையும் ஏழெட்டு முறையாவது எழுதியிருப்பேன். கல்லூரியில் சார் போர்டில் இரண்டு கணக்குப் போட்டுவிட்டு மீதியைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். யாராவது நோட்ஸ் கொடுப்பார்கள் என்று நவம்பர் வரை காத்திருந்தேன். யாரும் கொடுக்கவில்லை. எது வரும் என்று தெரியாத தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

இப்போது விஷயம் என் தங்கை. இந்த வருடம் பத்தாவது முடித்தாள், நல்ல மார்க். அம்மா பயாலஜி குரூப் எடுக்கச் சொல்கிறார். இவள் பாலிடெக்னிக் போகிறேன் என்கிறாள். தறி நின்றால் முதலில் ஓடிப்போய்ப் பார்ப்பது அவள்தான், நாடா ஏன் சிக்குகிறது என்று பழுது பார்க்க வரும் அண்ணனுக்கு முன்பே சொல்லிவிடுவாள். பிளஸ் ஒன், பிளஸ் டூ என்ற இரண்டு வருடம் என்னைக் கல்லூரிக்குத் தயார்ப்படுத்தவில்லை என்பது என் அனுபவம். அவளையும் அதற்குள் தள்ளுவதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பெங்களூர் ரயில்:

தம்பி, நீங்கள் கொரோனா பேட்ச். 2021ல் பத்தாவதில் எல்லோரையும் ஆல் பாஸ் போட்டார்கள், பத்தாவதில் பெரும்பகுதி போனில் பார்த்த பாடம். அடித்தளம் போன இடம் அதுதான். பிளஸ் டூவைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

முதலாண்டு கணக்கு வாத்தியார்:

கொரோனா ஒரு காரணம்தான், ஆனால் நான் சேலத்தில் 18 வருடமாக முதலாண்டுக்குக் கணக்கு எடுக்கிறேன். 2015ல் வந்த பிள்ளைகளிடமும் இதையே பார்த்தேன், அப்போது 1200க்கு மார்க், 1150 வாங்கியவர்கள் வந்து எம்1ல் நின்றுபோனார்கள். ஆகவே தறிவீட்டுத் தம்பி சொல்வது அவருடைய சொந்தக் கதை மட்டும் அல்ல.

ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் ஒரு கேள்வி கேட்பேன். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பஸ் ஏறுகிறது. பஸ் ஓடிய தூரத்தைக் கீழ் அச்சில் வைத்து, தரைமட்டத்திலிருந்து அது இருக்கும் உயரத்தை மேல் அச்சில் வைத்து வரைந்தால் கோடு எப்படி இருக்கும், அந்தக் கோட்டின் வகைக்கெழு எதைச் சொல்கிறது? அறுபது பேரில் முக்கால்வாசிப் பேர் அந்த மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவையும் வாந்தி எடுத்துக்கொண்டு ஏறியவர்கள். சைன் எக்ஸின் வகைக்கெழு என்ன என்றால் நான் கேட்டு முடிக்கும் முன்பே காஸ் எக்ஸ் என்று கத்துவார்கள். இந்தக் கேள்விக்கு வகுப்பே அமைதியாகிவிடும். வழியின் செங்குத்துதான் அது, வளைவில் பஸ் கியர் மாற்றி முனகும் இடம்தான் அது என்று சொன்னதும் சில முகங்கள் மலரும் பாருங்கள், அதற்காகவே நான் இந்த வேலையில் இருக்கிறேன். ஆனால் அந்த மலர்ச்சி பதினாறு வயதில் வந்திருக்க வேண்டும், கல்லூரியில் வரும்போது அடுத்த வாரமே முதல் இன்டர்னல் டெஸ்ட்.

2018, 2019ல் மாற்றிய புதுப் புத்தகங்களை நான் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். அவை கனமானவை, நல்லவை, எம்1க்குத் தேவையானதில் பெரும்பகுதி அதில் இருக்கிறது. பாடத்திட்டம் போதாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோளாறு கேள்வித்தாளில் இருக்கிறது. கணக்குக்கு எழுத்துத் தேர்வு 90 மார்க். 20 ஒரு மார்க், பத்தில் ஏழு இரண்டு மார்க், பத்தில் ஏழு மூன்று மார்க், அப்புறம் ஏழு ஐந்து மார்க், ஒவ்வொன்றிலும் இது அல்லது அது. இதில் புத்தகத்துப் பயிற்சியையும் எடுத்துக்காட்டையும் திரும்பத் திரும்ப எழுதினாலே முக்கால்வாசி வந்துவிடும். வரும் என்று தெரிந்த பிறகு எந்தப் பள்ளி நிதானமாக உட்கார்ந்து யோசிக்க வைக்கும்?

பாலிடெக்னிக் பற்றி அப்புறம் எழுதுகிறேன், அதில் எனக்கு ஒரு கவலை உண்டு.

மலைப்பள்ளி டீச்சர்:

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். எந்தப் பள்ளி யோசிக்க வைக்கும் என்று கேட்டுவிட்டீர்கள். நான் சேர்வராயன் மலையில் ஒரு அரசுப் பள்ளியில் பிசிக்ஸ் எடுக்கிறேன், அந்தக் கேள்வி என்னைத் தைத்தது, அதனால் பதில் எழுதுகிறேன்.

பிளஸ் ஒன்னில் என்னிடம் வரும் பிள்ளைகளில் சிலருக்குப் பின்னம் தெரியாது. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஐந்தில் இரண்டு என்று எழுதுவார்கள். அவர்களுக்கு நான் இரண்டு வருடத்தில் நிலைமின்னியலும் ஒளியியலும் குறைகடத்தியும் நடத்தி முடிக்க வேண்டும். ஜனவரி ஆனால் தேர்ச்சி சதவீதம் பற்றிக் கூட்டம். மாவட்டம் எத்தனையாவது இடம், பள்ளி எத்தனையாவது இடம், உங்கள் பாடத்தில் எத்தனை பேர் பெயில் ஆவார்கள் என்று பெயர் வாரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். 2017ல் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள், நல்ல காரியம், ஆனால் சதவீதம் அப்படியே இருக்கிறது. பெயில் ஆகிற பிள்ளையைப் பாஸ் ஆக்க எனக்குத் தெரிந்த வழி, முப்பது கேள்வியைக் குறித்துக் கொடுத்துத் தினமும் எழுத வைப்பது. அதைச் செய்யாவிட்டால் ஒரு மலைக்காட்டுப் பெண் பிளஸ் டூ பெயில் என்று வீட்டோடு இருந்துவிடுவாள், அடுத்த வருடம் கல்யாணம். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை ஐயா.

ஆனாலும் நீங்கள் சொன்னது பொய் இல்லை. என் மாணவி ஒருத்தி, எங்கள் மலையின் மலையாளிப் பழங்குடிப் பெண், வீட்டில் முதல் பட்டதாரி ஆகப் போகிறவள், கீழே கல்லூரியில் பி.எஸ்சி. பிசிக்ஸ் சேர்ந்தாள். காபி பழம் பறிக்கும் நாட்களில், நவம்பரிலிருந்து ஜனவரி வரை, விடிகாலையில் அம்மாவோடு தோட்டத்தில் நின்றுவிட்டு அப்புறம் பள்ளிக்கு ஓடி வந்த பிள்ளை. கல்லூரி சேர்ந்து ஒரு மாதத்தில் போன் செய்து அழுதாள். மொமென்டம் என்று ஏதோ புதுப் பாடம் டீச்சர், எல்லோருக்கும் தெரிகிறது எனக்குத் தெரியவில்லை என்றாள். நான், அது உந்தம் கண்ணு, நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் வருமே, நீதானே போர்டில் போட்டாய் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், அப்படியானால் எனக்கு இது தெரியுமா டீச்சர் என்று கேட்டாள்.

அந்த ஒரு கேள்விக்காக எத்தனை இரவு நான் தூங்கவில்லை. அவளுக்குப் பாடம் தெரியும், பெயர்தான் தெரியாது. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் கலைச்சொல் பட்டியல் இருக்கிறது, தமிழும் ஆங்கிலமும் பக்கத்தில் பக்கத்தில். பரீட்சைக்கு வராது என்று நானே அதைத் திருப்பிப் பார்க்க வைத்ததில்லை. இப்போது பிளஸ் ஒன் முதல் நாளிலிருந்தே தினம் ஐந்து சொல். முடுக்கம் என்றால் ஆக்ஸிலரேஷன், நிலைமம் என்றால் இனர்ஷியா, மின்தேக்கி என்றால் கெப்பாசிட்டர். தமிழ் மீடியம் பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் இந்த ஒன்றையாவது வீட்டில் செய்யுங்கள், கையைக் கூப்பிக் கேட்கிறேன்.

பெங்களூர் ரயில்:

டீச்சர், நான் முன்னால் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். நானும் தமிழ் மீடியம், 2001ல் என்ட்ரன்ஸ் எழுதி வந்தவன், அப்போது பிளஸ் டூ 200க்கும் நுழைவுத் தேர்வு 100க்கும் சேர்த்து 300க்கு கட்-ஆஃப். நுழைவுத் தேர்வுக்கு என் வகுப்பில் சேலத்தில் தங்கி கோச்சிங் போக முடிந்தது மூன்று பேருக்குத்தான், நான் போகவில்லை. 2007 சேர்க்கையிலிருந்து அதை எடுத்தது கிராமத்துப் பிள்ளைகளுக்குச் செய்த பெரிய நன்மை, அதை யாரும் திரும்பக் கொண்டுவரச் சொல்லக் கூடாது. ஆனால் இன்று ஆள் எடுக்க உட்காரும்போது நான் பார்ப்பது ஒன்றுதான். ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றால் இந்தப் பிள்ளை என்ன செய்கிறது? பாதிப் பேர் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். சிலர் மனப்பாடம் செய்த வேறொரு பதிலைச் சொல்கிறார்கள். தெரியவில்லை சார், ஆனால் இப்படி ஆரம்பித்துப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டால் அன்றைக்கு எனக்கு மனம் நிறைந்துவிடும், அவரைத்தான் எடுப்பேன். பள்ளியில் தெரியவில்லை என்று சொன்னால் நிற்க வைப்பார்கள். பன்னிரண்டு வருடம் நின்ற பிள்ளை இருபத்தொன்றாவது வயதில் எப்படி வாய் திறக்கும்?

செவ்வாய்ப்பேட்டை கணக்கு:

எல்லோரும் இன்ஜினியரிங் பற்றியே பேசுகிறீர்கள். நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் 11 வருடமாக வேலை செய்கிறேன். ஜவ்வரிசி மில், வெள்ளிக் கொலுசுப் பட்டறை, சேலைக் கடை என்று எங்களுக்கு வரும் கணக்கு எல்லாம் ஊர்க் கணக்குதான். பி.காம். முடித்தவர்கள் வேலைக்கு வருகிறார்கள், பிளஸ் டூவில் கணக்குப்பதிவியலில் 100க்கு 100 வாங்கியவர்கள்கூட உண்டு. ஒரு பர்ச்சேஸ் பில்லைக் கையில் கொடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். பதிவுக் குறிப்பு அழகாக எழுதுவார்கள், ஆனால் பில் என்ற தாளை அவர்கள் வாழ்க்கையில் கணக்காகப் பார்த்ததில்லை.

பிளஸ் டூ கணக்குப்பதிவியலில் கடைசிப் பாடமே டேலி, கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் மென்பொருள். நல்ல யோசனை, யார் சேர்த்தாரோ அவர் கையைப் பிடித்துக் கும்பிடலாம். ஆனால் என் அக்கா மகன் படித்த பள்ளியில் டேலியைக் கம்ப்யூட்டரைத் தொடாமல் புத்தகத்தில் படித்தார்கள். எந்தக் கட்டளைக்கு எந்தப் பொத்தான் என்று கோடிட்ட நோட்டில் எழுதி மனப்பாடம். நீச்சலை நோட்டில் எழுதிப் படித்ததுபோல. ஒரு கம்ப்யூட்டர், ஒரு மாதம், பக்கத்துக் கடையின் பழைய பில் புத்தகம் ஒன்று, இவ்வளவு இருந்தால் போதும்.

எங்களிடம் வரும் பிள்ளைக்கு நான் முதல் வாரம் கணக்கு சொல்லித் தருவதில்லை. வாடிக்கையாளருக்குப் போன் செய்து, ஐயா இந்த மாதம் மூன்று பில் குறைகிறது, எப்போது அனுப்புவீர்கள் என்று பேசச் சொல்வேன். அந்த ஒரு போனுக்கு அவர்கள் படும் பயம்! ஒரு பெண் போனைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றாள். இப்போது எங்கள் ஆபீசில் ஜி.எஸ்.டி. முழுக்க அவள் பொறுப்பு.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:

தறிவீட்டுத் தம்பி, உங்கள் அம்மா சொல்வதைக் கேளுங்கள். கணக்கோடு பயாலஜி குரூப் எடுத்தால் பாப்பா எந்தப் பக்கமும் போகலாம், நர்சிங், பார்மசி, அக்ரி, இன்ஜினியரிங், நீட். பதினைந்து வயதில் பாலிடெக்னிக்கில் தள்ளினால் ஒரே பாதை. அதுவும் மெக்கானிக்கலில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள்? தறியைப் பழுது பார்க்கிறாள் என்பதற்காக ஒரு முடிவு எடுத்துவிட முடியுமா. நானும் பத்தாவதோடு நிறுத்தப்பட்டவள், என் மகள் விஷயத்தில் எனக்கு இந்தப் பயம் உண்டு, அதனால் சொல்கிறேன்.

பட்டறைக்காரர்:

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது, பயம் இல்லாமல் பிள்ளை வளர்க்க முடியாது. ஆனால் பாலிடெக்னிக் என்றால் படிப்பு வராதவன் போகும் இடம் என்று சேலத்திலேயே சொல்வது எனக்கு வருத்தம். தியாகராஜர் பாலிடெக்னிக் 1958ல் ஆரம்பித்தது, கருப்பூர் அரசு இன்ஜினியரிங் கல்லூரியை விட எட்டு வருடம் மூத்தது. இந்த ஊரில் பட்டறை வைத்த பல பேர் டிப்ளமா படித்தவர்கள்தான், நானும் டிப்ளமாதான், லேத் நான்கு, மில்லிங் ஒன்று வைத்திருக்கிறேன், ஆறு பேர் வேலை செய்கிறார்கள். டிப்ளமா மூன்று வருடம் முடித்தால் பி.இ. இரண்டாம் வருடத்தில் நேராகச் சேரலாம். பாதை மூடுவதில்லை.

என்னிடம் வரும் பையன்களைப் பற்றிச் சொல்கிறேன். பிளஸ் ஒன் பிசிக்ஸ் லேபில் வெர்னியர் காலிபர் என்ற அளவுக் கருவி ஒரு பயிற்சி, எல்லோரும் செய்திருப்பார்கள். என்னிடம் வந்த பி.இ. பையனிடம் நடுவில் துளை உள்ள ஒரு புஷ்ஷைக் கொடுத்து உள்விட்டம் பார்க்கச் சொன்னேன். வெளியே அளக்கும் தாடையை உள்ளே நுழைக்கப் பார்த்தான். கேட்டால், லேபில் ஒரு மேசைக்கு ஒரு வெர்னியர், எட்டுப் பேர், ஒருவன் அளப்பான் மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள், அதற்கும் முந்தைய வருட ரெக்கார்டில் விடை இருக்கும் என்றான். பள்ளி வெர்னியரில் மீச்சிற்றளவு, அதாவது அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.1 மில்லிமீட்டர், பட்டறையில் 0.02, மைக்ரோமீட்டரில் 0.01. இந்த வித்தியாசம் எண்ணில் சிறிது, ஒரு ஷாஃப்டுக்கு பேரிங் ஏறுமா ஏறாதா என்பதே அதில்தான். அதைக் கையால் உணராமல் நூற்றுக்கு நூறு போட்டு என்ன பயன்? அவன் கெட்டிக்காரன், பத்து நாளில் பிடித்துக்கொண்டான். பத்து நாள் வேலை அது, இரண்டு வருடப் பள்ளியில் யாரும் அவன் கையில் கொடுக்கவில்லை.

நான் படித்த காலத்தில் எங்கள் ஊர்ப் பள்ளியில் பிளஸ் டூவிலேயே தொழிற்பிரிவு இருந்தது, பேசிக் மெக்கானிக்கல். என் தம்பி அதில் படித்தான், அரம் போட்டுக் கை காய்த்துப்போய் வருவான், அவனுக்கு அந்த வாத்தியாரைத் தவிர உலகத்தில் வேறு ஆள் கிடையாது. அவர் ஓய்வு பெற்றார், வேறு ஆள் போடவில்லை, பிரிவு போய்விட்டது. மெஷின்கள் ரொம்ப நாள் தார்ப்பாய்க்குள் கிடந்தன. அதைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

முதலாண்டு கணக்கு வாத்தியார்:

பட்டறைக்காரர் அண்ணன் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்த மெஷின் விஷயம் எனக்கும் வலிக்கிறது.

என் கவலை என்று சொன்னேனே, அது இதுதான். டிப்ளமா முடித்து நேரடி இரண்டாம் ஆண்டு வரும் பிள்ளைகள் பட்டறையிலும் டிராயிங்கிலும் வகுப்புக்கே வழிகாட்டுவார்கள், பிளஸ் டூ வழியாக வந்தவர்கள் அவர்களிடம்தான் போய்க் கேட்பார்கள். ஆனால் வந்த முதல் செமஸ்டரிலேயே ட்ரான்ஸ்ஃபார்ம்ஸ் கணக்கு. எம்1 படித்தவர்களே திணறும் பாடம், இவர்கள் எம்1, எம்2 இரண்டையும் படிக்காமல் அதில் இறங்குகிறார்கள். டிப்ளமாவில் முதல் வருடக் கணக்குக்குப் பிறகு இரண்டு வருட இடைவெளி வேறு. பிறகு பி.இ. போக வேண்டும் என்ற எண்ணம் பாப்பாவுக்கு இருந்தால், அந்த இரண்டு வருடமும் வாரம் இரண்டு மணி நேரம் தொகையிடலை விடாமல் போட வேண்டும். பிளஸ் டூ கணக்குப் புத்தகமே போதும், பள்ளிக்கல்வித் துறை தளத்தில் இலவசமாக இருக்கிறது.

மலைப்பள்ளி டீச்சருக்கு ஒரு வார்த்தை. உங்களைக் குறை சொல்லி நான் எழுதியதாகப் பட்டிருந்தால் மன்னியுங்கள். நீங்கள் பாஸ் ஆக்கி அனுப்பாவிட்டால் அந்தப் பெண் என் வகுப்புக்கோ வேறு எந்த வகுப்புக்கோ வந்திருக்க மாட்டாள்.

அப்புறம் ஒன்று. பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2017-18ல் கொண்டுவந்ததற்குக் காரணமே, பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை நடத்தாமல் இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே ஓட்டியதுதான். சேலம், நாமக்கல் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதும் பாரம் குறைந்தது, அது வேண்டியதுதான். ஆனால் வகையிடல், தொகையிடல், திசையன் எல்லாம் தொடங்குவது பிளஸ் ஒன்னில்தான். அதை விட்டுவிட்டு வரும் பிள்ளை எங்களிடம் என்ன ஆகும் என்று எனக்கு 2017க்கு முந்தைய வருடங்களிலிருந்து தெரியும். பிளஸ் ஒன்னில் பிள்ளையைச் சேர்ப்பவர்கள் ஆகஸ்டில் ஒருநாள் நோட்டை வாங்கிப் பாருங்கள், எந்தப் பாடம் ஓடுகிறது என்று.

மலைப்பள்ளி டீச்சர்:

மன்னிப்பு எல்லாம் எதற்கு ஐயா. பிளஸ் ஒன் தேர்வை எடுத்ததில் எனக்கு நிம்மதிதான், முதல்முறையாகப் போன வருடம் அந்த அறிவிப்பு வந்த பிறகு பின்னத்திலிருந்து ஆரம்பிக்க முடிந்தது. அதைப் பயன்படுத்துவதும் வீணாக்குவதும் அந்தந்தப் பள்ளி கையில் இருக்கிறது, நீங்கள் பயப்படுவதும் சரிதான்.

இன்னொன்று யாரும் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளுக்குப் பாடத்தை விடப் பெரிய தடை காகிதம். கவுன்சிலிங்கில் கல்லூரி வரிசை போடத் தெரியாமல் எங்கோ தூரத்தில் சீட் கிடைத்துப் போகாமல் விட்டவர்கள் உண்டு. பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் கோட்ட அளவில் வாங்க வேண்டும், அதற்கு மலையிலிருந்து எத்தனை முறை இறங்குவது, கூலி போகும், பஸ் செலவு ஆகும். என் மாணவன் ஒருவனுக்குச் சான்றிதழ் வந்தபோது சேர்க்கை முடிந்திருந்தது. முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று ஒன்று இருப்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது, யாரும் முன்னால் கல்லூரி போனதில்லை அல்லவா, எப்படித் தெரியும். 2022ல் நான் முதல்வன் என்ற அரசுத் திட்டம் வந்த பிறகு, கல்லூரிக் கனவு, உயர்வுக்குப் படி என்று முகாம்கள் நடக்கின்றன, நிஜமாகவே உதவுகிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் வரும் 1000 ரூபாயில்தான் நான் சொன்ன அந்தப் பெண் வீட்டுக்கு வந்துபோகும் பஸ் செலவும் நோட்டும் ஓடின. பின்னால் தமிழ்ப்புதல்வன் என்று பையன்களுக்கும் வந்தது. இவ்வளவும் பிளஸ் டூ முடிந்த பிறகு ஓடாமல் பிளஸ் ஒன்னிலேயே ஒரு பீரியடாக வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நான் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை அதற்கு வைத்திருக்கிறேன், விண்ணப்பம் பூர்த்தி செய்வது, வங்கிக் கணக்கு, மெயில் எழுதுவது, இவைதான் பாடம்.

இளம்பிள்ளை தறிவீடு:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு எல்லாப் பதிலையும் தங்கைக்கும் அம்மாவுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன், தறிச் சத்தத்தில் கேட்காது என்று அப்பா இரண்டு தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

டீச்சரின் மாணவி, எனக்கு இது தெரியுமா என்று கேட்ட இடத்தில் என்னால் படிக்க முடியவில்லை, தங்கை வாங்கிப் படித்தாள். எனக்கும் அதுதான் நடந்தது என்று இப்போது நினைக்கிறேன். அரியர் எழுதும்போது யாரிடமும் நோட்ஸ் கேட்காமல் நூலகத்தில் ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு, விடை பார்க்காமல் தினம் இரண்டு கணக்கு. முதல் வாரம் ஒரு கணக்குக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது, பாதியில் எழுந்து போய்விடலாம் என்று இருக்கும். மூன்றாவது வாரத்தில் வராத கணக்கைப் பார்த்துப் பயம் போய்விட்டது. அதற்குப் பிறகு எந்தப் பேப்பரும் நிற்கவில்லை.

அம்மாவுக்கு இன்னும் மனம் வரவில்லை. இரண்டு பிள்ளைகளின் அம்மா எழுதியதைத்தான் திரும்பப் படிக்கச் சொன்னார். தங்கையிடம், நாளைக்கு பி.இ. படிக்க ஆசை வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். வாத்தியார் சார் சொன்ன இரண்டு மணி நேரத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்துக்கொள்கிறேன், நீ கூட உட்கார் என்றாள். அப்பா மட்டும், அவள் பட்டறை என்று எதை நினைத்துக்கொண்டிருக்கிறாளோ, ஒருமுறை நேரில் பார்க்கட்டும், அப்புறம் அவளே சொல்லட்டும் என்றார். விண்ணப்பத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. பட்டறைக்கார அண்ணா, உங்களுக்குச் சிரமம் இல்லை என்றால் அவளை ஒருநாள் கூட்டி வரலாமா? அம்மாவும் வருவதாகச் சொல்கிறார்.

பட்டறைக்காரர்:

தாராளமாக வாருங்கள் தம்பி, இதில் என்ன சிரமம். ஞாயிறு பட்டறை லீவு. சனிக்கிழமை மூன்று மணிக்கு மேல் வாருங்கள், அப்போது ஒரு மெஷின் சும்மா இருக்கும், பாப்பா கையிலேயே கொடுக்கிறேன். ஷால் வேண்டாம், வளையல் வேண்டாம், முடியை இறுக்கிக் கொண்டை போட்டு, செருப்பு இல்லாமல் ஷூ போட்டு வரச் சொல்லுங்கள். தறிப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளை, அவளுக்கே தெரியும். எங்கள் வீட்டிலும் சொல்லி வைக்கிறேன், அம்மாவை உள்ளே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கச் சொல்லுங்கள்.